ஜூனில் 18, ஆயுத பூஜைக்கு 7: சாரணர் படைக்கு வரும் புதுக் குடும்பங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. திருப்பூரை ஒட்டிய ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் தொடக்க வகுப்பு எடுக்கிறேன். சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவான குருளையர் படையும் என் பொறுப்புதான், பெரிய பையன்களின் சாரணர் படையை இன்னொரு சார் பார்த்துக்கொள்கிறார். போன ஜூனில் 18 குழந்தைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். பெற்றோரை அழைத்து, இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் வரலாறு, உறுதிமொழி, விருதுகள் என்று பவர்பாயின்ட் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆயுத பூஜை முடிந்து பார்த்தால் 7 பேர்தான் வருகிறார்கள். கேட்டால் "டியூஷன் இருக்குதுங்க டீச்சர்" என்கிறார்கள். பழைய பெற்றோர் நாலைந்து பேர் ரொம்ப ஒத்தாசையானவர்கள், ஆனால் அவர்கள் தனிக் கூட்டமாகவே நிற்கிறார்கள். புதியவர்கள் கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒடிசாக் குடும்பங்கள் இரண்டு உண்டு, அவர்களிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை. வரும் ஜூனில் எதை மாற்றுவது? இன்னொன்று, அரையாண்டு விடுமுறையில் ஓர் இரவு முகாம் போடலாமா என்று பழைய பெற்றோர் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்:

டீச்சர், முதலில் அந்த ஒரு மணி நேரக் கூட்டம். அடுத்த ஜூனில் அதை வைக்காதீர்கள். பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் 20 பையன்களை வைத்து முதல் முகாம் போட்ட கதை நல்ல கதைதான், பயிற்சிக்கு வருகிற ஆசிரியர்களிடம் நானும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை, ஆனால் வேலை முடிந்து நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு அப்பாவுக்கு அந்த நேரத்தில் மண்டைக்குள் ஓடுவது வேறு. எத்தனை மணிக்கு விடுவார்கள்? மொத்தம் எவ்வளவு ஆகும்? பிள்ளையோடு யார் இருப்பார்கள்? படிப்பு கெடுமா? இந்த நாலையும் அவர் ஒரு கூட்டத்தின் நடுவே எழுந்து கேட்க மாட்டார். அதிலும் இரண்டாவது கேள்வியைக் கேட்கவே மாட்டார், காசுக்கு யோசிக்கிற ஆள் என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துவிட்டால்? அதனால் தலையாட்டுகிறார். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இந்த நாலுக்கும் பதிலை அரைப் பக்கத்தில் எழுதி, சேர்க்கிற அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் போன் நம்பரும் அதில் இருக்கட்டும். வரலாறு பிள்ளைகளுக்கு எப்படியும் பிரவேஷ் என்கிற தொடக்க நிலைப் பாடத்தில் வரப்போகிறது, அவர்களே வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்வார்கள்.

டியூஷன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பிள்ளைக்கு வேண்டுமானால் உண்மையிலேயே டியூஷன் இருக்கும். பதினோரு பேருக்கும் ஒரே பருவத்தில் டியூஷன் வந்துவிடாது. டீச்சர் முகத்தைப் பார்த்து "எங்களுக்கு அங்க ஒட்டலைங்க" என்று சொல்ல முடியாதவர்கள் சொல்கிற மரியாதையான பதில் அது, அதை நோண்ட வேண்டாம். ஒட்டாமல் போனது எங்கே என்று பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் அதற்கான விடை ஒரு வரியில் இருக்கிறது, வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறீர்களே, அந்த வரி. நம் பக்கத்து ஆட்களுக்கு "வாங்க" என்ற ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்துக்கு இரண்டு பஸ் மாறி வந்த மனுஷன், வீட்டுக்காரர் யாரும் வாசலில் வாங்க என்று கேட்கவில்லை என்பதற்காக மொய்யை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிப் போய், அதைப் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார். அதே ஆள்தான் உங்கள் பள்ளி கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யார் வாங்க என்று கேட்டார்கள்? நீங்கள் கேட்டிருக்க முடியாது, அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே வருகை எடுத்துக்கொண்டோ, வட்டத்தில் நிற்காமல் ஓடுகிற பையனைப் பிடித்துக்கொண்டோ இருந்திருப்பீர்கள். பழைய பெற்றோர் கேட்டிருக்கலாம், அவர்களுக்கு அது தங்கள் வேலை என்று யாரும் சொல்லவில்லை.

எனவே ஜூன் முதல் வாரத்திலிருந்து கேட்டில் ஓர் ஆள். தொடங்குவதற்கு முன் பத்து நிமிஷம், முடிந்த பிறகு பத்து நிமிஷம், அவ்வளவு போதும். யாரை நிறுத்துவது என்பதில் ஒரு யோசனை சொல்கிறேன்: இருப்பதிலேயே சுறுசுறுப்பான பழைய பெற்றோரை நிறுத்தாதீர்கள். அவர் எல்லாம் தெரிந்தவர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார், கேட்பவர் மிரண்டு போவார். இந்த வருடம் தங்கிய ஏழு குடும்பங்களில் ஓர் அம்மாவையோ அப்பாவையோ நிறுத்துங்கள். "நானும் போன வருசம் இப்படித்தான் ஒண்ணும் தெரியாம வந்து நின்னனுங்க" என்று அவர் சொல்லும்போது அதில் இருக்கிற நம்பிக்கை, உங்களுடைய எந்த ஸ்லைடிலும் வராது.

இங்கே கொஞ்சம் சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி "எந்த ஊருங்க?" இரண்டாவதாகச் சுற்றி வளைத்து வரும் கேள்வி என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்கிறவர், "ஒறம்பரையா (சொந்தக்காரரா) இருக்குமோன்னு பார்த்தனுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். தேனியிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ பனியன் வேலைக்கு வந்து குடியேறிய ஒருவருக்கு, அல்லது இதே ஊரின் இன்னொரு தெருவில் இருந்து வருகிற ஒருவருக்கு, அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தும் என்று கேட்டவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் பொருட்படுத்த மாட்டார். அடுத்த வாரம் இவர் வண்டியை விட்டு இறங்க மாட்டார், அதற்கடுத்த வாரம் பிள்ளைக்கு டியூஷன் வந்துவிடும். பழைய பெற்றோர் நாலைந்து பேரையும் தனியாக உட்கார வைத்து, பூசி மெழுகாமல் நேராகவே சொல்லுங்கள்: ஊர் கேட்கலாம், வேலை கேட்கலாம், பிள்ளை என்ன வகுப்பு என்று கேட்கலாம், அதைத் தாண்டி வேண்டாம். "வடக்கத்திப் பசங்க" என்ற பேச்சும் மைதானத்தில் வேண்டாம். சாரணர் சட்டத்தில் மூன்றாவதே, சாரணர் அனைவருக்கும் நண்பர், மற்ற ஒவ்வொரு சாரணருக்கும் சகோதரர் என்பதுதானே. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அதை மனப்பாடமாகச் சொல்ல வைத்துவிட்டுப் பெரியவர்கள் மரத்தடியில் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தால், பிள்ளைகள் எதை எடுத்துக்கொள்வார்கள்?

கேட்டில் வாங்க சொன்னதோடு முடியாது. ஒவ்வொரு புதுக் குடும்பத்துக்கும் ஒரு பழைய குடும்பத்தைச் சேர்த்துவிடுங்கள், ஒருவருக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் உங்களிடம் இருக்கும் ஆட்களே போதும். எந்த அடிப்படையில் சேர்ப்பது? வீடு இருக்கிற வழியைப் பாருங்கள். ஒரே லைன் வீடு, ஒரே ரோடு, ஒரே கம்பெனி என்றால் ஒரு நாள் இவர் பிள்ளையை அவர் கூட்டி வருவார், இன்னொரு நாள் அவர் பிள்ளையை இவர் கூட்டிப் போவார், இதற்கு மேல் ஒட்டுதல் வேண்டுமா? அப்பாவுக்கு ஷிப்ட் மாறினாலும் பிள்ளை வருவது நிற்காது. பழைய குடும்பத்தின் வேலை ரொம்பச் சின்னது: முதல் இரண்டு மாதம், கூட்டத்துக்கு முந்தின நாள் ஒரு போன். வாட்ஸ்அப் மெசேஜ் போதாது, போன். குரூப்பில் நீங்கள் போடும் நோட்டீஸைப் படிக்காதவர்கள் அதிகம். வீட்டில் ஒரே போன் இருந்து அது அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விட்டால், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. குரூப்பில் யாரும் பேசவில்லையே என்றும் கவலைப்படாதீர்கள், முகம் தெரியாதவர்கள் இருக்கும் இடத்தில் யார் பேசுவார்கள்? காலை வணக்கப் படங்களை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், அவற்றின் நடுவே உங்கள் நோட்டீஸ் காணாமல் போகிறது.

அப்புறம் வேலை. நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான், மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வந்த மூன்றாவது, நாலாவது வாரத்துக்குள் ஒவ்வொரு புதுக் குடும்பத்திடமும் ஒரு சின்ன உதவி கேட்டுவிடுங்கள். ஒரு வருஷம் பழகட்டும், அப்புறம் கேட்கலாம் என்று நாம் தள்ளிப்போடுகிறோம், அந்த ஒரு வருஷத்துக்குள் அவர்கள் போய்விடுகிறார்கள். தன் கையால் ஒரு வேலை நடந்த இடத்தை விட்டு ஆள் அவ்வளவு சுலபத்தில் விலகுவதில்லை, திருப்பூர்க்காரர்களிடம் இது இரண்டு மடங்கு உண்மை. உங்கள் 18 குடும்பங்களில் தையல் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற அம்மா, கட்டிங் மாஸ்டர் அப்பா, செக்கிங் போகிற அக்கா, வீட்டில் ஒரு பவர் டேபிள் வைத்து ஆர்டர் எடுத்துச் செய்கிறவர். ஸ்கார்ஃபுக்குத் துணி வெட்டி ஓரம் அடித்துத் தரச் சொல்லுங்கள். சிக்ஸ் என்கிற ஆறு பேர் குழுக்களுக்குக் கொடி, முதலுதவிக்கு முக்கோணக் கட்டுத் துணி, முடிச்சுப் போட்டுப் பழகுகிற கயிறு நுனி பிரியாமல் நூல் சுற்றித் தருவது, எத்தனையோ இருக்கிறது. தையல் தெரியாதவரிடம் வேறு கேளுங்கள். முதலுதவிப் பெட்டியில் தேதி முடிந்த மருந்து இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்ப்பது, வெயில் காலத்தில் மோர் கலக்குவது, விளையாட்டு முடிந்ததும் சாமான்களை எண்ணி உள்ளே வைத்துப் பூட்டுவது.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "உதவ விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும்" என்று குரூப்பில் போட்டால் பழைய நாலு பேர்தான் பெயர் கொடுப்பார்கள், இது எங்கேயும் நடப்பதுதான். நேரில் போய், இன்ன ஆளிடம், இன்ன வேலை என்று கேளுங்கள். "ஸ்கார்ஃப் எட்டு அடிக்கணுங்க, துணி நாங்க தர்றோம், வர்ற மாசக் கடைசிக்குள்ள முடியுங்களா?" என்றால் முடியும், முடியாது என்று ஒரு பதில் வரும். முடியாது என்றாலும் பரவாயில்லை, கேட்டீர்கள் என்பதே ஒரு மதிப்பு. ஆனால் வந்த புதிதில் பண வசூலை யார் தலையிலும் கட்டாதீர்கள், கமிட்டியிலும் போடாதீர்கள். அந்த இரண்டும் பழைய ஆட்களையே ஓட வைக்கிற வேலைகள்.

நேரம் பற்றி நீங்கள் எழுதவில்லை. நிறையப் பள்ளிகளில் செய்வது போல சனிக்கிழமை மாலை வைத்திருக்கிறீர்கள் என்றால் மறுபடி யோசியுங்கள். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள், ஒன்றரை ஷிப்ட் ஓடினால் வீடு வந்து சேர இரவு எட்டரைக்கு மேல் ஆகிவிடும், அப்புறம்தான் கடைத்தெரு. ஞாயிறு காலை என்றால் வாரம் முழுக்கச் சேர்ந்த துணி துவைப்பு, கறிக்கடை, ஒரு நாளாவது கொஞ்சம் அதிக நேரம் தூங்கலாம் என்கிற ஆசை, அதையும் குற்றம் சொல்ல முடியாது. ஞாயிறு சாயங்காலம் நாலு மணி பல இடங்களில் எடுபடுகிறது. ஆனால் ஊத்துக்குளி, குன்னத்தூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அதே நாலு மணி சரிப்படாது, மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிற நேரம் அது. நேரத்தை நீங்களே முடிவு செய்யாமல் சேர்க்கும்போதே ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதிகம் பேருக்கு ஒத்துவருவதை வையுங்கள். ஐந்தரைக்கு முடிப்பதாகச் சொன்னால் ஐந்தரைக்கு முடித்துவிடுங்கள். ஆறு மணி வரை இழுத்தால் வெளியே காத்திருக்கிறவருக்கு மனசு விட்டுப்போகும்.

பணத்தை ஒரே தடவையில், மொத்தமாகச் சொல்லிவிட வேண்டும். சந்தா இவ்வளவு, யூனிபார்ம் இவ்வளவு, வருடத்தில் வெளியே போவது இத்தனை தடவை, அதற்கு இவ்வளவு. சேர்த்த பிறகு மாதா மாதம் ஒவ்வொன்றாகக் கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். யூனிபார்மை முதல் நாளே வாங்கச் சொல்லாதீர்கள். பிரவேஷ் முடித்து உறுதிமொழி எடுக்கிற வரை இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை பள்ளிச் சீருடையே போதும், பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கவும் அது ஓர் அவகாசம். பெரியவர்களாகி சாரணர் படைக்குப் போன பிள்ளைகளின் சட்டை, தொப்பி, பெல்ட் எல்லாம் எத்தனை வீடுகளில் சும்மா கிடக்கும்! அவற்றை வாங்கித் துவைத்துத் தேய்த்து அளவு வாரியாக ஓர் அலமாரியில் வையுங்கள். "இல்லாதவர்களுக்கு" என்று அதற்குப் பெயர் வைத்துவிடாதீர்கள், அப்படி வைத்தால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். பழைய பெற்றோர் ஒருவர் தன் இரண்டாவது பிள்ளைக்கு முதலில் அங்கிருந்து எடுக்கட்டும், மற்றவர்கள் தானாக எடுப்பார்கள். சிக்கனம் சாரணர் சட்டத்தில் எட்டாவதாக வருகிறது, அதை நாமே மறந்து எல்லாம் புதிதாக வாங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

விருது, சான்றிதழ் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஏழு வயதுப் பையனைச் சேர்க்க வந்து "இதுல இருந்தா ரயில்வேல வேலை கெடைக்குமாமுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு இருப்பது உண்மை, ஆனால் அது சொற்ப இடங்களுக்கு, ராஷ்டிரபதி விருது வரை வந்தவர்கள் போட்டியிடுகிற இடம். குருளையராக இருந்து சரண் நிலைகளைத் தாண்டி, பத்து வயதுக்கு மேல் சாரணராகி, சோபான் நிலைகள் ஒவ்வொன்றாக முடித்து, மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் வாங்கி, அதற்கப்புறம் ராஷ்டிரபதி. இதைக் காட்டிச் சேர்த்தால் நாலாவது மாதம் "என்ன கெடைச்சுது?" என்று கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. "பையன் தன் தட்டைத் தானே கழுவுவான், ஷூ லேஸ் தானே கட்டுவான், ஒரு முடிச்சு போட்டால் அவிழாது, புதுப் பிள்ளைகளோடு பேசக் கூச்சப்பட மாட்டான்" என்று சொல்லிச் சேர்த்துப் பாருங்கள். ரெண்டு மாதத்தில் வீட்டில் அதைக் கண்ணால் பார்ப்பார்கள். தினம் ஒரு நற்செயல் என்பதை வீட்டிலிருந்தே தொடங்கச் சொல்லி ஒரு நோட்டு போட வையுங்கள், செய்ததைப் பிள்ளை எழுதட்டும், அதன் கீழே வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போடட்டும். "அப்பாரு செருப்பை எடுத்து வெச்சேன்" என்று எழுதியிருந்தால் அந்த அப்பாருவே கையெழுத்துப் போடலாம், கைநாட்டு வைத்தாலும் சரி. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளையை அழைத்து வருவதும், அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் பல நேரம் தாத்தா பாட்டிகளான இந்த அப்பாருகளும் ஆத்தாக்களும்தான். நம் அழைப்பிதழில் அவர்கள் பெயரே இருப்பதில்லை.

உறுதிமொழி ஏற்பு அன்று குடும்பத்தையே வரச் சொல்லுங்கள். பள்ளி அசெம்பிளியில் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது வேண்டாம். ஸ்கார்ஃபை அம்மாவோ ஆத்தாவோ கொண்டுவந்து உங்கள் கையில் கொடுக்கட்டும், நீங்கள் பிள்ளைக்கு அணிவியுங்கள். இடது கையால் கைகுலுக்குவதை அன்றைக்கே பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள், இடது கை நீட்டத் தயங்கித் தயங்கிச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பிலேயே பாதி பேர் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒடிசாக் குடும்பங்கள். எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை என்கிறீர்கள், அவர்களுக்கும் அதே தயக்கம்தான். அப்பாவுக்குக் கம்பெனித் தமிழ் நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே வரும், அம்மாவுக்கு அவ்வளவு வராது. குரூப்பில் போடும் நோட்டீஸை அவர்களுக்கு மட்டும் குரல் பதிவாக, ஹிந்தி தெரிந்த ஒரு ஆசிரியரை வைத்து அனுப்புங்கள், முப்பது வினாடி வேலை. பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்துப் பண விஷயம் பேசாதீர்கள், எட்டு வயசுப் பிள்ளை அப்பாவிடம் "காசு கேக்கறாங்க" என்று சொல்கிற நிலைமை நன்றாக இருக்காது. ரத யாத்திரைக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ ஊருக்குப் போனால் திரும்பி வர ஒரு மாதம்கூட ஆகலாம், பயணமே அவ்வளவு தூரம். பெயரை அடித்துவிடாதீர்கள். சிக்ஸில் அந்த இடம் அப்படியே இருக்கட்டும், வந்ததும் நேராகத் தன் இடத்தில் வந்து நிற்கட்டும்.

புதியவர், பழையவர் எல்லாரும் கலக்க ஒரு நாள் வேண்டும் என்றால் கூட்டம் போடாதீர்கள், நடக்கக் கூட்டிப் போங்கள். உங்களுக்கு நஞ்சராயன் குளம் பக்கத்திலேயே இருக்கிறது. பறவைகள் சரணாலயமாக அறிவித்து, 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள், திருப்பூரிலேயே பல பேர் இன்னும் அதை எட்டிப் பார்த்ததில்லை. வலசைப் பறவைகள் வருகிற மாதங்களில் ஒரு ஞாயிறு காலை, பிள்ளையோடு வீட்டில் ஒருவராவது வர வேண்டும், கட்டுச்சோறு அவரவர் கொண்டுவர வேண்டும். நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசாமல் இருக்க முடியாது, உட்கார்ந்திருக்கும்போது முடியும். கரையில் நின்று பார்ப்பதோடு சரி, தண்ணீர்ப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது. கொடிவேரி அணைக்குப் போகலாம் என்று பழைய பெற்றோர் நிச்சயம் ஆரம்பிப்பார்கள். குருளையரை வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்கு நான் போக மாட்டேன், நீங்களும் போகாதீர்கள். சாப்பிடும்போது புதியவர், பழையவர் கலந்து உட்காருகிற மாதிரி பாயை வட்டமாக விரியுங்கள், எல்லார் டப்பாவையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். முன்னே சொன்ன சங்கடமான விஷயத்துக்குப் பாதி மருந்து அந்த நடுவில் வைக்கிற டப்பாக்கள்தான்.

வள்ளி கும்மி தெரிந்த ஓர் ஆத்தாவோ அக்காவோ உங்கள் குடும்பங்களில் கட்டாயம் இருப்பார். கோவை மாவட்டத்துக் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் அய்யாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, அதற்கு முன்பிருந்தே நம் பக்கம் ஊர் ஊராகக் கும்மி பழகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாசறைத் தீ நிகழ்ச்சிக்கு யூடியூப் பாட்டைத் தேடுவதை விட்டு அவரை நடுவில் நிறுத்துங்கள். நாலு அடவு போதும், ஒடிசா அம்மாவும் பார்த்துப் பார்த்துச் சேர்ந்துகொள்வார், கும்மிக்குக் கையும் காலும் வந்தால் போதும்.

இனி, நின்றுபோன பதினோரு பேர். ஜூன் வரை காத்திருக்காதீர்கள், இந்த மாதமே கூப்பிடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், கேட்டால் மறுபடி டியூஷன்தான் வரும். நஞ்சராயன் குளத்துக்குப் போகிறோம், பையனைக் கூட்டிக்கொண்டு வாங்க, தம்பி தங்கச்சி இருந்தாலும் கூட்டி வாங்க என்று அழையுங்கள். எல்லாரும் வர மாட்டார்கள். அபாகஸ், கராத்தே, ஹிந்தி வகுப்பு என்று உண்மையிலேயே போய்விட்ட பிள்ளைகள் இருப்பார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, இங்கே கற்றுக்கொண்டது மிச்சம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து குடும்பம் திரும்ப வந்தால் அவர்களைப் "பழையபடி வந்தாச்சா?" என்று கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது பழைய பெற்றோர் பொறுப்பு.

கடைசியாக இரவு முகாம். போட வேண்டாம். இந்த வருடம் கட்டாயம் வேண்டாம். குருளையர் வயதில் பிள்ளைகளைக் கூடாரத்தில் தங்க வைக்கத் தேவையே இல்லை, அது சாரணர் படைக்குப் போன பிறகு வருகிறது. அதோடு, 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்சிசி முகாம் நடத்திப் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமை வெளிவந்த பிறகு, முகாம் என்ற வார்த்தையைக் கேட்டாலே பெற்றோர் முகம் மாறுகிறது, பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இன்னும் அதிகமாக. அந்தப் பயம் சரியான பயம், அதைப் பேசிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் படையின் பதிவுச் சான்றையும் இந்த ஆண்டுப் புதுப்பித்த ரசீதையும் நகல் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், கேட்காமலே காட்டுங்கள். யார் யார் பெரியவர்கள் பிள்ளைகளோடு இருப்பார்கள் என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள். ஒரு பெரியவர் தனியாக ஒரு பிள்ளையோடு எந்த அறையிலும் எந்த வண்டியிலும் இருக்கக் கூடாது என்பதைச் சட்டமாக வையுங்கள், அது உங்களுக்கும் பொருந்தும், உங்கள் கூட இருக்கும் சாருக்கும் பொருந்தும், நீண்ட நாள் பழகிய பெற்றோருக்கும் பொருந்தும். வழித்துணையாகப் பிள்ளைகளைக் கூட்டி வரும்போது ஒரு வண்டியில் இரண்டு பிள்ளையாவது இருக்கட்டும், அல்லது அவர் தன் பிள்ளையையும் வைத்துக்கொண்டு வரட்டும். 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் செய்து கொடுங்கள்.

அரையாண்டு விடுமுறையில் பகல் முகாம் வையுங்கள், பள்ளி வளாகத்திலேயே. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கட்டும், விரும்பிய பெற்றோர் நாள் முழுக்க உடன் இருக்கலாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள், சமையலைப் புதுக் குடும்பங்களில் இரண்டு பேரும் பழைய குடும்பங்களில் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கட்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் உங்களைத் தவிர இன்னும் ஒரு பெண் ஆசிரியராவது கடைசிப் பிள்ளை வீடு போகிற வரை இருக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் சீக்கிரம் இருட்டிவிடும், ஐந்து மணிக்கே முடித்து அனுப்பிவிடுங்கள்.